டிராக்டர் வாங்கப் போறீங்களா? கம்பெனி பேரைக் கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், மைசூரு மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் டிராக்டருக்குக் கிராக்கி வந்துவிடும். ஹுன்சூரிலும் பிரியாபட்டணாவிலும் மே மாத வாக்கில் புகையிலை நாற்று நட வேண்டும். மானாவாரிச் செம்மண்ணில் ஈரம் ரொம்ப நாள் நிற்காது. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். வாடகை வண்டிக்காரர் "நாளைக்கு வர்றேன்" என்பார். அந்த நாளை தள்ளிக்கொண்டே போகும்போதுதான், "சொந்தமா ஒண்ணு வாங்கிட்டா என்ன?" என்ற எண்ணம் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் தாளவாடியில் இருப்பவருக்கும், ஓசூர், தஞ்சாவூரில் இருப்பவருக்கும் இதே எண்ணம் வந்திருக்கும்.

இப்போது அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் ரூபாய் என்றால், முன்பு வரி மட்டும் 84,000. இப்போது 35,000. அதாவது 49,000 ரூபாய் மிச்சம். டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் இருந்த 18 சதவீத வரியும் 5 ஆகிவிட்டது.

விலை குறைந்திருப்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அது கட்டுப்படியாகுமா என்பது தனிக் கேள்வி. "எந்த கம்பெனி வண்டி நல்லா இருக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். வாங்க.

வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 1.36 ஹெக்டேர், சுமார் மூன்றரை ஏக்கருக்குள். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதே நாட்டில்தான் 2022-23இல் மட்டும் 9.4 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்றன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். சொந்த நிலத்தை மட்டும் உழுது டிராக்டரின் காசை எடுக்கும் அளவுக்கு நிலம் இருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

உங்களுக்கு ஹுன்சூர் பக்கம் ஐந்து ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு போகம். ஒரு போகத்துக்கு நாலு ஓட்டு. ஓர் ஏக்கருக்கு ஒரு ஓட்டுக்கு ஒரு மணி நேரம். மொத்தம் 40 மணி நேரம். உரம் ஏற்ற, விளைச்சலை இறக்க இன்னொரு 20 மணி நேரம். ஆக 60 மணி.

இனி செலவு. கீழே உள்ளவை கணக்குப் புரிவதற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி விலை 8 லட்சம். பத்து வருஷம் கழித்து 2 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வருஷத்துக்குத் தேய்மானம் 60,000. போட்ட பணத்துக்கு வட்டி, சராசரி 5 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் 50,000. இன்சூரன்ஸ், கொட்டகை போன்றவற்றுக்கு 15,000. ஆக மொத்தம் 1,25,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷா வருஷம் இந்தச் செலவு உண்டு.

ஓடும்போது ஆகும் செலவு தனி. மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய் என்றால் 360. ஆயில், பழுதுக்கு 100. டிரைவருக்கு 100. மொத்தம் 560.

இரண்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு விழும் செலவு இது:

வருஷத்துக்கு 60 மணி நேரம் ஓடினால்: 2,643 ரூபாய்
200 மணி நேரம் ஓடினால்: 1,185 ரூபாய்
500 மணி நேரம் ஓடினால்: 810 ரூபாய்
800 மணி நேரம் ஓடினால்: 716 ரூபாய்

உங்கள் ஊரில் வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றால், சுமார் 284 மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் கணக்கு நேராகும். உங்கள் நிலத்துக்கு 60 மணி போக, மீதி 224 மணி நேரம் அடுத்தவர் நிலத்தில் ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 37 நாள்.

அந்த 37 நாள் வேலை உங்கள் ஊரில் கிடைக்குமா? ஓட்ட ஆள் இருக்கிறாரா? ஓட்டின காசு உடனே கைக்கு வருமா, இல்லை அறுவடை முடியட்டும் என்பார்களா? ஏற்கெனவே ஊரில் எத்தனை டிராக்டர் நிற்கிறது? ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவந்து இதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈரம் இருக்கும்போதே உழுவதற்கும், நாலு நாள் கழித்து உழுவதற்கும் விளைச்சலில் வித்தியாசம் இருக்கிறது. சமயத்துக்கு வண்டி கிடைப்பதற்காகக் கொஞ்சம் கூடுதல் செலவு செய்யலாம் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பில்லை. அந்தக் கூடுதல் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மேலே உள்ள கணக்கில் அது வருஷத்துக்கு ஏறத்தாழ 98,600 ரூபாய். அண்ணன் தம்பி, பங்காளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால் இந்தத் தொகை அப்படியே பிரிந்துவிடும்.

உங்கள் மண்ணுக்கு எந்த அளவு?

மைசூரு ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒரே அளவு டிராக்டர் அதற்குப் போதாது.

ஹுன்சூர், பிரியாபட்டணா பக்கம் செம்மண்ணில் புகையிலையும் ராகியும். இங்கே கொக்கிக் கலப்பை இழுக்க 35 முதல் 40 எச்.பி. தாராளம். நஞ்சன்கூடு, டி.நரசிபுரா பக்கம் கரிசல் இருக்கும் இடங்களில் மண் பிடித்து இழுக்கும். சட்டிக் கலப்பை போட 45 எச்.பி.க்குக் குறையாமல் இருந்தால் எஞ்சின் திணறாது. கபினி, காவிரி வாய்க்கால் பாயும் நெல் வயல்களில் பிரச்சினையே வேறு. அங்கே சக்தியைவிட எடைதான் முக்கியம். கனமான வண்டி சேற்றில் அமிழும். எடை குறைந்த, முன் சக்கரமும் இழுக்கிற நான்கு சக்கர இயக்க வண்டி இங்கே நன்றாக வேலை செய்யும். பிரேக்கும் எண்ணெயில் மூழ்கிய வகையாக இருக்க வேண்டும். சேறும் தண்ணீரும் உள்ளே போகாது.

தோப்பு என்றால் இடைவெளியை அளந்து பாருங்கள். தென்னைக்கு 25 அடி இருக்கும், எந்த வண்டியும் போகும். பாக்குக்கு 9 அடிதான். அங்கே 20 முதல் 28 எச்.பி. மினி டிராக்டர் அல்லது பவர் டில்லர் போதும். கரும்பு லோடு அடிப்பவர் என்றால் இழுவையோடு பிரேக்கையும் பார்க்க வேண்டும். பத்து டன் டிரெய்லரை இழுத்துவிடலாம். மேட்டில் இறங்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஆக, முதலில் கருவியை முடிவு பண்ணுங்கள், பிறகு வண்டியை. ஐந்தடி ரோட்டவேட்டரா, ஆறடியா? ஒன்பது கொக்கியா, ஐந்து கொக்கியா? அதற்கேற்ற டிராக்டர் எது என்பதுதான் அடுத்த கேள்வி.

விளம்பரத்தில் வரும் எச்.பி. எது?

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 45 எச்.பி. எஞ்சினின் சக்தி. ரோட்டவேட்டர், களத்து மெஷின், பம்பு எல்லாம் ஓடுவது பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டிலிருந்து. அங்கே வந்து சேருவது பொதுவாக எஞ்சின் சக்தியில் 85 முதல் 90 சதவீதம். ரோட்டவேட்டர் ஓட்டப் போகிறவர் கேட்க வேண்டியது, "பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு?" என்று.

அதோடு இன்னும் மூன்று கேளுங்கள். ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும்? கிளட்ச் ஒற்றையா, இரட்டையா? இரட்டைக் கிளட்ச் என்றால் வண்டியை நிறுத்தினாலும் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, சுமை ஏறும்போது எஞ்சின் எவ்வளவு தாங்கும்? இதைப் பேக்கப் டார்க் என்பார்கள். கடினமான இடத்தில் வண்டி முக்கி நின்றுவிடுமா, சமாளித்துப் போகுமா என்பதை இந்த எண் சொல்லும்.

"நம்பலாமா?" அரசே சோதித்து வைத்திருக்கிறது

டீலர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான கதை உண்டு.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஒரு ஃபோர்டு டிராக்டர் வாங்கினார். கார் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மினியாபொலிஸில் இருந்த வேறொரு கம்பெனி, ஹென்றி ஃபோர்டின் புகழில் குளிர்காய்வதற்காக அந்தப் பெயரை வைத்திருந்தது. வண்டி சொன்ன வேலையைச் செய்யவில்லை. குரோசியர் பிறகு மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். 1919இல் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம் வந்தது. அங்கே டிராக்டர் விற்க வேண்டுமானால் முதலில் பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு விட வேண்டும், முடிவு வெளியே வர வேண்டும். மோசடிக்கு அதுவே முட்டுக்கட்டையானது.

நம் நாட்டில் அந்த வேலையை மத்தியப் பிரதேசத்தின் புதனியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் செய்கிறது. 1955இல் தொடங்கியது. தெற்கே ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. இங்கே வண்டியின் பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன், பிரேக், அதிர்வு, சத்தம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். வயலில் ஓட்டுகிறார்கள். கடைசியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்து, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்கிறார்கள். சோதனை அறிக்கைகளை நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அறிக்கை பல பக்கம் இருக்கும். நீங்கள் நாலு இடத்தைப் பார்த்தால் போதும். கம்பெனி சொன்ன பி.டி.ஓ. சக்தியும் சோதனையில் வந்ததும் ஒத்துப்போகிறதா? சோதனையின்போது ஏதாவது உடைந்ததா? பிரித்துப் பார்த்தபோது தேய்மானம் வரம்புக்குள் இருந்ததா? நான்காவது, ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் செலவு?

இந்த நான்காவதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் 20 கிராம் வித்தியாசம் என்று வைப்போம். சராசரியாக 15 கிலோவாட் சுமையில் ஓடினால் மணிக்கு 300 கிராம், அதாவது 0.36 லிட்டர். வருஷத்துக்கு 500 மணி என்றால் 180 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு, சுமார் 16,000 ரூபாய். நாலே வருஷத்தில் ஜி.எஸ்.டி. குறைப்பில் கிடைத்ததைவிட அதிகம்.

டீலரிடம் "சோதனை அறிக்கை காட்டுங்க" என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் அதே மாடலின் அறிக்கையா என்று பெயரையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டி நின்றால் யார் வருவார்?

எந்த டிராக்டரும் ஒரு நாள் நிற்கும். அது எந்த வாரத்தில் நிற்கிறது, எத்தனை நாளில் மறுபடி ஓடுகிறது என்பதில்தான் நம்பகம் இருக்கிறது. உழவு வாரத்தில் ஒரு ஆயில் சீலுக்காக நாலு நாள் காத்திருந்தால், மீதி 361 நாளும் நன்றாக ஓடியதால் பெரிய பிரயோஜனம் இல்லை.

எச்.எம்.டி. டிராக்டரை நினைத்துப் பாருங்கள். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனம். செக்கோஸ்லோவாகியாவின் ஸீட்டர் தொழில்நுட்பத்தில் 1971 முதல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் செய்தது. உழைக்கிற வண்டி என்று பேர் வாங்கியது. 2016இல் அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இரும்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பின்னால் உதிரிபாகம் செய்து தர ஒரு கம்பெனி வேண்டும். அதனால் 30 கிலோமீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, சாதாரண ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஊரில் அதே மாடல் வைத்திருக்கும் மூன்று பேரிடம், "கடைசியா எப்போ நின்னுச்சு? எத்தனை நாள்ல சரியாச்சு?" என்று கேளுங்கள். இதைவிட நல்ல டேட்டா எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

50 எச்.பி. என்ற கோட்டையும் கவனியுங்கள். அதற்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ‘ட்ரெம் 4’ புகை விதி நடைமுறையில் இருக்கிறது. அதனால் அந்த எஞ்சின்களில் கணினி, சென்சார், காமன் ரெயில் வந்துவிட்டன. டீசல் நன்றாக எரியும், புகை குறையும். ஆனால் பழுது பார்க்க ஸ்பேனர் மட்டும் போதாது, ஸ்கேனரும் வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் அது இல்லை என்றால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடன் பேப்பரில் என்ன பார்க்கணும்?

2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுக்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கடனை வசூலிக்க அடியாட்களை ஏவக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே ஒரு தனியார் வங்கி வழக்கில் சொல்லியிருந்தது. சட்டம் பக்கத்தில் இருந்தாலும், தவணை தவறிய பிறகு நடப்பதை நினைத்தாவது முதல் நாளே பேப்பரைப் படிக்க வேண்டும்.

முதலில் வட்டி. "பத்து பர்சென்ட் தான் சார்" என்று இரண்டு பேரும் சொல்வார்கள். ஆறு லட்சம் கடன், ஐந்து வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்போம். கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி 1.65 லட்சம். முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் ஃபிளாட் கணக்கில் 3 லட்சம். ஒரே 10 சதவீதம்தான், வித்தியாசம் 1.35 லட்சம்! சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருடாந்திர வட்டியைக் காட்டும் ஒரு தகவல் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறை. கையெழுத்துப் போடுமுன் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தவணை மாதம். புகையிலை ஏலப் பணமோ நெல் பணமோ கைக்கு வரும் மாதத்தில் தவணை வரும்படி கேளுங்கள். வண்டியோடு நிலத்தையும் அடமானம் கேட்கிறார்களா என்று பாருங்கள். வண்டி போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். நிலம் அப்படி இல்லை.

பழைய வண்டி என்றால்?

மணி மீட்டரை நம்பாதீர்கள், மாற்றலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்துவிட்டு பத்து நிமிஷம் டீ குடியுங்கள். கலப்பை மடமடவென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், எஞ்சின் நம்பர்களை வண்டியில் ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இல்லை என்ற நிதி நிறுவனச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கே.ஏ.09 நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவதானால், அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்

கர்நாடகத்தில் 2014-15 முதல் ‘கிருஷி யந்திர தாரெ’ என்ற வாடகை மையங்கள் ஹோபளி அளவில் இயங்குகின்றன. ஹோபளி என்பது நம்மூர் பிர்கா மாதிரி. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். உழவு வாரத்தில் இங்கேயும் வரிசை இருக்கும். அதனால் மழைக்கு முன்னாலேயே பதிவு செய்வது நல்லது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டா என்று முதலில் வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். சோதனையில் தேறிய மாடல்களுக்கே அது கிடைக்கும்.

ஷோரூம் வாசலில் மாலை போட்ட வண்டி பளபளவென்று நிற்கும். உள்ளே போகும்போது ஒரு சின்ன நோட்டை எடுத்துப் போங்கள். எத்தனை மணி ஓட்டம், எந்தக் கருவி, பி.டி.ஓ. சக்தி, சோதனை அறிக்கை, மெக்கானிக் தூரம், மொத்த வட்டி. இந்த ஆறையும் நிரப்பிவிட்டு வாருங்கள். "எந்த கம்பெனி?" என்று அதன்பிறகு கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.